அந்த ஆடியோவில் இல்லாத பேச்சு

மத்திய சிறை, திருச்சி
11.2.2025

மேடம் அவர்களுக்கு,

வணக்கம். என் பேரு பிரவீன்குமார். போலீஸ்காரங்க சொல்லி என் பேரு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். தெரியலைன்னாலும் என் குரல் தெரியும். டிசம்பர்ல நீங்க ஒரு ஆடியோ போட்டீங்களே, அதுல "எலின்னா வால் எங்க தம்பி இருக்கு?"ன்னு நீங்க கேப்பீங்க, ஒருத்தன் மௌஸைப் பத்தி விளக்கிக்கிட்டே இருப்பான். அவன் நான்தான். ஊரு கந்தர்வக்கோட்டைப் பக்கம்.

உங்க அட்ரஸ் எப்படின்னு யோசிக்காதீங்க. "இளமதி ஆன்லைன் சென்டர், விராலிமலை பஸ் ஸ்டாண்டு எதிர்ல. தைரியம் இருந்தா நேர்ல வாடா"ன்னு கடைசில நீங்களே சொன்னீங்க. அதையே கவர் மேல எழுதிட்டேன்.

கேஸைப் பத்திப் பேச எழுதலை. நான் செஞ்சது தப்புதான். கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்திருச்சு, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கன்னு திரையில மிரட்டல் வர வைப்போம். பயந்து கூப்பிடுறவங்ககிட்ட சரி பண்ணித் தாரேன்னு சொல்லி உள்ள புகுந்து, பாங்க் கணக்குல இருக்கறதைத் துடைச்சு எடுப்போம். புதுக்கோட்டைப் பக்கத்து ஆளுங்க கூப்பிட்டா என்கிட்டத்தான் திருப்பி விடுவாங்க. நம்ம ஊருப் பேச்சைக் கேட்டா ஜனங்க நம்பிருவாங்கன்னு.

நான் கேக்குறது ஒண்ணுதான். அந்த ஆடியோவை எடுத்துருங்க.

எங்கம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போறாங்க. வேலை செய்ற பொம்பளைங்க எல்லாம் ஒரே கொட்டகைல உக்காந்திருப்பாங்க. டிசம்பர்ல ஒரு அக்கா போன்ல இதைப் போட்டுவிட்டுச்சாம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சிருக்காங்க. அம்மாவுக்கு மொத வார்த்தையிலயே என் குரல் தெரிஞ்சிருச்சு. அப்ப நான் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்குறேன்னுதான் ஊருக்குள்ள பேச்சு. சிரிக்காம இருந்தா கண்டுபிடிச்சிருவாங்கன்னு அம்மாவும் சேர்ந்து சிரிச்சிருக்காங்க. திரும்பப் போடு, திரும்பப் போடுன்னு சாயங்காலம் வரைக்கும் ஓடியிருக்கு. அம்மா சாயங்காலம் வரைக்கும் சிரிச்சிருக்காங்க.

அந்த வாரம் எனக்குப் போன் போட்டு, "அந்த வேலை வேணாம்ப்பா, வந்துரு"ன்னாங்க. ஏன்னு கேட்டதுக்கு, "சும்மாதான்"ன்னாங்க. போன வாரம் என் தங்கச்சி தேவிப்ரியா ஜெயில்ல மனுப் போட்டு என்னைப் பார்க்க வந்தப்பத்தான் இதெல்லாம் சொன்னா.

நான் அரெஸ்ட் ஆனதும் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இப்ப அம்மா முன்னாடி யாரும் அதைப் போடுறதில்லை. அவங்க எந்திரிச்சுப் போனதும் போடுறாங்க.

இப்படிக்கு,
பிரவீன்குமார்


விராலிமலை
20.2.2025

பிரவீன்குமாருக்கு,

ஜெயில் முத்திரையைப் பார்த்ததுமே கிழிச்சுப் போட நினைச்சேன். அப்பா பக்கத்துல இருந்ததால முடியலை.

எடுக்க மாட்டேன். ஏன்னு தெரிஞ்சுக்க.

எங்கப்பா பேரு திருப்பதி. வாழ்நாள் பூரா பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவனை மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிருவாரு. இந்தப் பக்கம் யாரும் அவரை ஏமாத்துனது கிடையாது. ரிட்டையர் ஆனதும் நான்தான் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்து, அம்மா போன துக்கத்துல சும்மா உக்காந்திருக்காதீங்கன்னு சொன்னேன். பாட்டுக் கேப்பாரு, பேப்பர் படிப்பாரு. ஒருநாள் திரை செவப்பாகி சைரன் அடிச்சிருக்கு. நான் கடையில இருந்தேன். என்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னு அதுல இருந்த நம்பருக்கு அவரே கூப்பிட்டுட்டாரு.

நான் வீட்டுக்கு வந்தப்ப அவருக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? "நானே சரி பண்ணிட்டேன்மா. ஒரு பையன் சொல்லச் சொல்ல எல்லாப் பட்டனையும் நானே அமுக்குனேன். இந்த வயசுல இவ்வளவு வேகமான்னு அவனே அசந்துட்டான்"ன்னாரு. மறுநாள் பாங்க்குக்குப் போனா கணக்குல ஒண்ணும் இல்லை.

பணம் போனது கூடப் பரவாயில்லை. நீ அவரைப் பாராட்டுன பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியலை. அன்னையில இருந்து அவரு வாசலைத் தாண்டலை. டீக்கடைக்குப் போறதில்லை. என்கூட நிமிர்ந்து பேசுறதில்லை. சாப்பாடு போட்டா, "உனக்கு இருக்காம்மா?"ன்னு கேக்குறாரு. சொந்த வீட்டுல விருந்தாளி மாதிரி.

அதனாலதான் உங்க நம்பரைத் தேடிப் பிடிச்சேன். கடையில கெடந்த பழைய கம்ப்யூட்டர் ஒண்ணைத் துடைச்சு வச்சேன். அதுக்குள்ள 'பாங்க் விவரம்'னு பேர் போட்டு ஒரு ஃபைல் வச்சேன். யாரு அதைத் திறந்தாலும் அவங்க இருக்கற இடத்தை எனக்குக் காட்டிக் குடுத்துரும். இதெல்லாம் வீடியோ பார்த்து நானே கத்துக்கிட்டது. ஒண்ணும் தெரியாத பட்டிக்காட்டுப் பொம்பளையா உன்கிட்டப் பேசினேன். நடுவுல மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறேன்னு உன்னைக் காக்க வச்சேன். எனக்கு மாடே கிடையாது. உங்க ஆளுங்க ஃபைலைத் திறந்தாங்க. விவரத்தைக் கொண்டுபோய் சைபர் கிரைம்ல குடுத்தேன். ஓசூர்ல நீங்க இருந்த மாடி வீட்டுக்கு போலீஸ் வந்தது அப்படித்தான்.

அந்த ஆடியோவைக் கேட்டுத்தான் எங்கப்பா மறுபடி சிரிச்சாரு. இன்னைக்கும் தினம் போட்டுக் கேக்குறாரு. நீ அழுவுற இடம் வந்ததும் நிமிர்ந்து உக்காருவாரு.

உங்கம்மா சிரிச்சதைப் படிச்சேன். அதுக்கு நான் பொறுப்பில்லை.

இளமதி


மத்திய சிறை, திருச்சி
3.3.2025

மேடம்,

பதில் போடுவீங்கன்னு எதிர்பார்க்கலை. 'அக்கா'ன்னு எழுதத்தான் கை வருது. அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லித்தான் அத்தனை பேரை ஏமாத்தினேன். அதனால மேடம்னே எழுதுறேன்.

உங்கப்பாவை எனக்கு ஞாபகம் இருக்கு. அவருதான்னு உங்க கடிதத்தைப் பார்த்ததும் தெரிஞ்சது. அந்தக் குரலை மறக்க முடியாது. எந்த ஊருன்னு கேட்டாரு. கந்தர்வக்கோட்டைன்னு நெசத்தையே சொன்னேன். உடனே, "அந்த ரூட்டுல நான் டிக்கெட் கிழிக்காத பஸ்ஸா? உங்க ஊரு ஸ்டாப்புல ஏறுற கூட்டத்தைச் சமாளிக்கவே தனித் தெம்பு வேணும்யா"ன்னாரு. எங்க ஊரு கம்மாய்க்கரை, முந்திரித் தோப்பு எல்லாம் சரியாச் சொன்னாரு. நானும் சின்ன வயசுல அவரு பஸ்ல ஏறியிருப்பேன்.

ஆடியோவை எடுக்க மாட்டேன்னுட்டீங்க. சரி. உங்க பக்கமும் ஞாயம் இருக்கு. ஆனா ஒரு சந்தேகம். தங்கச்சி அந்த ஆடியோவை முழுசா எனக்கு ஒப்பிச்சா. அதுல ஒரு இடம் வரலையாம்.

அன்னைக்கு நீங்க அழுதீங்க. மகளுக்குக் காது கேக்காது, ஆபரேஷனுக்குன்னு வச்சிருக்கற பணம்தான் பாங்க்ல இருக்குது, அதுக்கு ஒண்ணும் ஆயிராதே தம்பின்னு கேட்டீங்க. எங்க டீம் லீடர் ரெங்கராஜ் அப்ப ஒரு போன் பேச வெளிய போயிருந்தாரு. நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "அக்கா, கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிருங்க. நேரா பாங்க்குக்குப் போங்க. இந்த நம்பருக்கு இனிமே கூப்பிடாதீங்க. நாங்க நல்லவங்க இல்லக்கா"ன்னு. அதுக்கப்புறம்தான் நீங்க சத்தம் போட்டு யாருன்னு சொன்னீங்க. அதுக்குள்ள ரெங்கராஜ் திரும்பி வந்து பின்னாடி நின்னுட்டாரு. நான் கடைசியாச் சொன்னது அவரு காதுல விழுந்திருச்சு. நான் அழுதது உங்களுக்குப் பயந்து இல்லைங்க.

வக்கீல் கேட்டாரு, உனக்குச் சாதகமா ஏதாவது இருக்கான்னு. இது ஒண்ணுதான் இருக்கு. அந்த இடம் உங்க போன்ல பதிவாகலையா? லைன் கட்டாகியிருக்குமோ?

உங்க பொண்ணுக்கு ஆபரேஷன் ஆயிருச்சுங்களா? இல்ல அதுவும் சும்மா சொன்னதுதானா?

பிரவீன்குமார்


விராலிமலை
15.3.2025

பிரவீன்குமாருக்கு,

லைன் சரியில்லை. நீ சொல்ற மாதிரி எதுவும் பதிவாகலை.

கடையில வேலை அதிகம். இனிமே எழுத வேண்டாம்.

இளமதி


மத்திய சிறை, திருச்சி
24.3.2025

மேடம்,

எழுத வேண்டாம்னு சொன்ன பிறகும் எழுதுறதுக்கு மன்னிச்சுக்கங்க. இதோட நிறுத்திக்கிறேன்.

பதிவாகலைன்னா சரிங்க. வக்கீல்கிட்டயும் அப்படியே சொல்லிட்டேன். அவரு ஒரு மாதிரியாப் பார்த்தாரு. "நீ சொன்னதா நினைச்சுக்கிட்டியா, நெசமாவே சொன்னியா?"ன்னாரு. சொன்னேன்னுதான் சொன்னேன். ராத்திரி படுத்து யோசிச்சா சந்தேகமா இருக்கு. மனசுக்குள்ள சொன்னதை வாயால சொன்னதா நினைச்சுக்கிட்டேனோ என்னமோ. அங்க வேலை பார்த்த அத்தனை நாள்லயும் நல்லது பண்ணினேன்னு சொல்லிக்க அது ஒண்ணுதான் இருந்துச்சு. தங்கச்சிகிட்டச் சொல்லி, அம்மாகிட்டச் சொல்லச் சொல்லியிருந்தேன். அது இல்லைன்னு இனி சொல்லி அனுப்பணும்.

உங்கப்பாவை டீக்கடைக்குப் போகச் சொல்லுங்க.

பிரவீன்குமார்


விராலிமலை
2.5.2025

பிரவீன்குமாருக்கு,

நீ சொன்னது நெசம். வாயாலதான் சொன்னே. பதிவாகியிருக்கு. வெட்டுனது நான்.

இந்த ரெண்டு வரியை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆயிருச்சு. நீ கடைசியா எழுதுன கடிதம் மேசை டிராயர்ல கெடக்கு. கடைக்கு வர்றவங்களுக்குச் சில்லறை எடுக்க டிராயரைத் திறக்கறப்பல்லாம் கண்ணுல படும். கைக்குட்டையை மேல போட்டு மூடுவேன். மறுபடி திறப்பேன்.

அன்னைக்கு ராத்திரி ஆடியோவை எடிட் பண்ணப்ப அந்த இடம் வந்துச்சு. நிறுத்தி, திரும்பக் கேட்டேன். இது இருந்தா யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சது. எங்கப்பாவும் சிரிக்க மாட்டாரு. அவருக்காகத்தான் வெட்டுனேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பாதிதான் உண்மை. நான் ஜெயிச்சேன்னு ஊரு சொல்லணும்னு எனக்கு ஆசை. வெட்டுனதோட விடலை. நீ அழுவுற இடத்துல சிரிப்புச் சத்தம் சேர்த்தேன். போலீஸுக்கும் வெட்டுனதைத்தான் குடுத்தேன். கடையில ரெண்டு பேரு வந்து செல்ஃபி எடுத்துக்கிட்டாங்க.

எனக்குப் பொண்ணு கிடையாது. கல்யாணமே ஆகலை. நீ ஆபரேஷன் ஆச்சான்னு கேட்டிருந்தே. அந்த வரியை என்னால திரும்பப் படிக்க முடியலை.

மொதல்ல அப்பாகிட்டச் சொன்னேன். முழு ஆடியோவையும் போட்டுவிட்டேன். என்னைத் திட்டுவாருன்னு நினைச்சேன். அவரு கேட்டது வேற. "அந்தப் பையன் என்கிட்ட ஏம்மா இப்படிச் சொல்லலை?"ன்னாரு. அதுக்கப்புறம் அவரு அந்த ஆடியோவைப் போடுறதில்லை.

ஒரிஜினலை ஸ்டேஷன்ல குடுத்துட்டேன். "இதை மொதல்லயே குடுக்குறதுக்கு என்னம்மா?"ன்னு இன்ஸ்பெக்டர் எல்லார் முன்னாடியும் கேட்டாரு. உன் வக்கீலுக்கும் ஒரு காப்பி அனுப்பியிருக்கேன். பழைய ஆடியோவை எடுத்துட்டு முழுசா இருக்கறதைப் போட்டேன். பழையதை இன்னும் அனுப்பிக்கிட்டேதான் இருக்காங்க. புதுசை யாரும் கேக்கலை. கேட்ட ஒருத்தரும், "செட்டப்பு"ன்னு எழுதிட்டுப் போயிட்டாரு.

போன ஞாயித்துக்கிழமை உங்க ஊருக்குப் போனேன்.

வக்கீல் ஆபீஸ்ல இருந்து வாரேன்னு உங்கம்மாகிட்டப் பொய் சொன்னேன். நிழல்ல உக்காரச் சொல்லி, தண்ணி குடுத்து, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னாங்க. முந்திரிக்கொட்டையோட பால் பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுத்து, தோல் உரிஞ்சிருந்துச்சு. அந்தக் கையாலதான் சோறு போட்டாங்க. உண்மையைச் சொல்லிரலாம்னு வாயைத் திறந்தேன். "நீதான அந்தப் பொண்ணு?"ன்னாங்க. "வாசல்ல நின்னு 'யாரும் இருக்கீங்களா'ன்னு கேட்டப்பவே தெரியும். உன் குரலை நான் கேக்காத நாளு உண்டா?"

கோவமாச் சொன்னாங்கன்னு நினைச்சேன். அவங்க போனை எடுத்துக் காட்டுனாங்க. அந்த ஆடியோவைச் சேமிச்சு வச்சிருக்காங்க. "ஜெயில்ல இருந்து பேசலாமாம். அவனுக்கு வெக்கம், கூப்பிடவே மாட்டேங்கிறான். எம்புள்ள குரலைக் கேக்கணும்னா எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. நீ பேசுறதைத் தள்ளிட்டுக் கேப்பேன்"னாங்க. அழிச்சிராதேன்னும் சொன்னாங்க.

நீ என்கிட்டச் சொன்ன இடத்தை என் போன்ல போட்டுக் காட்டினேன். ஒரே ஒரு தடவைதான் கேட்டாங்க. "போதும்"ன்னு போனைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. கிளம்பறப்ப என் மூஞ்சியைப் பார்க்கலை. நானும் அவங்களைப் பார்க்கலை.

மன்னிப்புக் கேட்டு எழுதணும். எழுதுனா கேட்டுட்டோம்னு ஆயிரும். அதனால எழுதலை. அப்பா கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுது. அவரு எதிர்பார்த்துக்கிட்டு இருக்காரு.

உங்கம்மாவைக் கூப்பிட்டுப் பேசு.

இளமதி


மத்திய சிறை, திருச்சி
12.5.2025

அக்கா,

இப்படியே எழுதிர்றேன்.

கடிதம் கிடைச்சதும் மொதல்ல சந்தோஷப்பட்டேன். நான் சொன்னது நெசம், கனவு இல்லைன்னு. வக்கீலும் வந்து ஜாமீனுக்கு இது உதவும்னாரு. அந்தச் சந்தோஷம் உங்கப்பா கேட்ட கேள்வி வரைக்கும்தான்.

பதிலை அஞ்சாறு தடவை எழுதிக் கிழிச்சேன். ரெங்கராஜ் அன்னைக்குப் பின்னாடியே இருந்தாருன்னு ஒரு தடவை எழுதினேன். பொய். அவரு அன்னைக்கு லீவு. சேர்ந்த புதுசுன்னு ஒரு தடவை எழுதினேன். அதுவும் பொய்.

நெசம் இதுதான். நீங்க அழுதீங்க. அழுகுரலைக் கேட்டதும் எனக்கு மனசு இளகிருச்சு. உங்கப்பா அழலை. சந்தோஷமாப் பேசினாரு. ஒவ்வொரு பட்டனா அமுக்கிட்டு, "அடுத்து என்ன தம்பி?"ன்னு ஆர்வமாக் கேட்டாரு. சிரிச்ச முகமா இருக்கற மனுசனை ஏமாத்துறது எனக்குக் கஷ்டமாவே தெரியலைக்கா. பாவம்னு தோணவே இல்லை. அவரு எங்க ஊரைப் பத்திப் பேசப் பேச, ஆளு நல்லாச் சிக்கிட்டாருன்னுதான் நினைச்சேன். முடிச்சதும் பக்கத்து சீட்டுப் பையன் என் முதுகுல தட்டுனான். எல்லாருமாக் கீழ போயி பிரியாணி சாப்பிட்டோம். எனக்கு அன்னைக்கு நல்லாப் பசிச்சது.

இல்லாத பொண்ணுக்காக அழுதவங்களைக் காப்பாத்தப் பார்த்தேன். உள்ளதை உள்ளபடி பேசுன மனுசனை விட்டுட்டேன். உங்ககிட்ட அப்படிச் சொன்னதை வச்சு நான் நல்லவன்னு காட்டி வெளிய வர எனக்கு இப்ப நாக்கூசுது. ஜாமீன் மனுவை வக்கீல் போடுறபடி போடட்டும். உங்கப்பா கேஸ்ல மட்டும் நான் செய்யலைன்னு சொல்ல மாட்டேன். அடுத்த வாய்தாவுல குத்தத்தை ஒத்துக்கப் போறேன். வக்கீல் வேணாங்கிறாரு. நான் முடிவாச் சொல்லிட்டேன்.

அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மாதான் மொதல்ல பேசுனாங்க. "அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்லைன்னு எதுவும் எழுதிப்புடாத. கோவம் இருக்கு. உன் மேலயும் இருக்கு. வாராவாரம் கூப்பிடு"ன்னாங்க. அப்படியே எழுதியிருக்கேன்.

பிரவீன்


விராலிமலை
26.5.2025

பிரவீனுக்கு,

உன் கடிதத்தை நான் படிச்சுட்டு அப்பாகிட்டக் குடுக்க யோசிச்சேன். இதுலயும் ஒரு இடத்தை விட்டுட்டுப் படிச்சுக் காட்டலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு பாரு, அப்ப என் மேலயே எனக்கு அருவருப்பா இருந்துச்சு. பேசாம அவரு கையிலயே குடுத்துட்டேன்.

கண்ணாடி போட்டுக்கிட்டு நிதானமாப் படிச்சாரு. பிரியாணி சாப்பிட்டதை எழுதியிருக்கற இடத்துல நிறுத்திட்டாரு. எந்திரிச்சு உள்ள போயிட்டாரு. குழாயைத் திறந்து மூஞ்சி கழுவுற சத்தம் கேட்டுச்சு. திரும்பி வந்து மிச்சத்தையும் படிச்சாரு.

அப்புறம் என்கிட்ட, "நான் சிரிச்சுப் பேசுனதுதான் தப்பா?"ன்னாரு.

"இல்லப்பா, அதெல்லாம் ஒரு தப்பும் இல்லை"ன்னு சட்டுனு சொன்னேன்.

"நீ சொல்லாத. நீ எனக்காக எதையாவது சொல்லுவ. அவன் சொல்லட்டும்"னாரு.

வாய்தாவுக்கு அவரே வாரேங்கிறாரு. நான் துணைக்கு வாரேன். உங்கம்மாவும் வருவாங்கன்னு உன் தங்கச்சி தேவிப்ரியா போன்ல சொல்லுச்சு. அவங்க பக்கத்துல எங்க போயி நிக்கிறது, என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியலை. வந்துதான் ஆகணும்.

உன்னை மன்னிக்க வாராருன்னு நினைச்சுக்காத. அந்த நினைப்போட அவரு கிளம்பலை. திட்டவும் வரலை. கேக்கத்தான் வாராரு. உன்னைக் கூட்டிட்டுப் போறப்ப கோர்ட்டு வராண்டாவுல நிப்பாரு. வெள்ளைச் சட்டை, கொஞ்சம் கூன் விழுந்த ஆளு.

அவரு கேக்கும்போது தலையைக் குனிஞ்சுக்காத. மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு.

இளமதி